அஞ்சு கட்டையில் ஒரு ஃபேன்

எல்லா டப்பாவின் மேலேயும் சத்தமே வராது என்றுதான் போட்டிருந்தது. சத்தமே வராது என்றால் ஒரு டப்பா போதுமே, எதற்கு இத்தனை என்று தையல்நாயகிக்கு எரிச்சலாக வந்தது. மாயவரம் மணிக்கூண்டுக்குப் பக்கத்துச் சந்தில், ரெண்டு பேர் உள்ளே நின்றால் மூணாவது ஆள் படியில் நிற்க வேண்டிய கம்ப்யூட்டர் கடை. கடைக்கார நிஜாமுதீன் கண்ணாடி மேசைமேல் மூன்று ஃபேன் டப்பாவை வரிசையாக வைத்துவிட்டு, இனி உங்க பாடு என்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "இதுல எது சத்தம் கம்மி?" "எல்லாமே சைலன்ட்தாங்கம்மா." "எல்லாம் ஒண்ணுன்னா விலை மட்டும் ஏன் வேற வேறயா இருக்கு?" அவன் சிரித்தான். "பேரப்புள்ளைக்கா? கேம் ஆடுவாங்களா?" பார்த்தாயா சேதியை. அறுபதைத் தொடப்போகிற பொம்பளை கம்ப்யூட்டர் கடைக்கு வந்தால் பேரப்பிள்ளைக்காகத்தான் வரவேண்டும்போல. "எனக்குத்தான்பா. பாட்டு சொல்லிக் குடுக்கறேன். பள்ளிக்கூடத்துல பாட்டு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனேன். இப்ப மஸ்கட்ல ஒரு நர்ஸ் பொண்ணு, அமுதவேணின்னு பேரு, கம்ப்யூட்டர்ல அவ அங்க, நான் இங்க." சொல்லிக்கொண்டே மஞ்சள் பையிலிருந்து பழைய ஃபேனை எடுத்தாள். வீட்டுக்காரர் கலியபெருமாள் காலையில்தான் கம்ப்யூட்டர் முதுகிலிருந்து கழற்றி, தன் பழைய வேட்டித் துண்டில் சுற்றிக் கொடுத்திருந்தார். அம்மியில் அரைத்த மிளகாய் விழுதுபோல் அதன் இறக்கைகளில் தூசி அப்பிக் கிடந்தது. இவ்வளவுதான் இவனிடம் சொல்லலாம். மீதியை எப்படிச் சொல்வது? தம்பி, எனக்குக் காது போய்விட்டதா, இல்லை இந்தச் சனியன் பிடித்த ஃபேன்தான் என்னை ஏமாற்றியதா, அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன் என்றா? காதுதான் என்றால் இன்று சாயங்கால வகுப்போடு முடிந்தது. அமுதவேணி, வேற நல்ல டீச்சரா பாத்துக்கம்மா, எனக்கு முடியல. வாக்கியத்தைக்கூட மனசுக்குள் தயார் பண்ணி வைத்திருந்தாள். குரல் நடுங்காமல் சொல்ல வேண்டும், அதற்கும் ஒத்திகை பார்த்திருந்தாள். பாட்டு டீச்சர் அல்லவா, ஒத்திகை பார்க்காமல் அழக்கூட வராது.

"டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க, கடைசி சரணத்துல நீங்க சுருதியை விட்டு மேல போயிட்டீங்க. இல்ல என் காதுதான் சரியில்லையா?" கோடை ஆரம்பத்தில் ஒரு சாயங்காலம் அமுதவேணி கேட்டது இதுதான். மன்னார்குடிப் பெண், ஊசி போடுகிற உத்தியோகம், பேச்சும் அப்படித்தான், சுருக்கென்று ஒரு குத்து, உடனே பஞ்சு வைத்துத் தேய்த்துவிடுவாள். "ராத்திரி ட்யூட்டி பாத்துட்டு உக்காந்தா அப்படித்தான் இருக்கும், போய்த் தூங்கு" என்று தையல்நாயகி திரையை அணைத்துவிட்டாள். மேலே போனேனா? நானா? பிரார்த்தனைக் கூட்டத்தில் அத்தனை பெண் பிள்ளைகள் ஒரே குரலாய்க் கத்தும்போது எந்த வரிசையில் எந்தப் பெண் அரைக்கால் சுருதி கீழே நிற்கிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டே கை காட்டுகிறவள். "சேரலை. மறுபடி." பிள்ளைகள் அவளுக்கு வைத்த பட்டப்பேரே சேரலை டீச்சர்தான். குக்கர் விசிலுக்கும் ரயில் ஹாரனுக்கும் மார்க் போடுகிறவள். திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் பாஸ், பாசஞ்சர் ஃபெயில். அப்படிப்பட்டவளைப் பார்த்து மேல போயிட்டீங்க என்றால்? அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்த வகுப்பில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. பாடி முடித்ததும் அமுதவேணி ஒரு கணம் பேசாமல் இருந்தாள், அப்புறம் "ரொம்ப நல்லா இருந்துச்சு டீச்சர்" என்றாள். அந்த ஒரு கணம் இருக்கிறதே, அதுதான் தையல்நாயகியின் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. ஊசி குத்தினால் தேவலை, குத்தாமல் வெறும் பஞ்சை வைத்துத் தேய்த்தால் என்ன அர்த்தம்? அன்றிலிருந்து அவளுக்குச் சேரலை என்ற வார்த்தையே வாயில் வரவில்லை. கல்யாணி ராகத்தில் அமுதவேணிக்குக் காந்தார சுரம் கொஞ்சம் தொங்கும், அவளுக்கு அது ஒரு தீராத நோய். தொங்குகிறதா, இல்லை என் காதில்தான் தொங்குகிறதா? வார்த்தை தொண்டை வரை வரும், திரும்பிப் போய்விடும். "பரவால்ல, மேல போ" என்பாள். பரவால்ல! வேலை பார்த்த காலத்தில் ஒரு பிள்ளையிடமும் சொல்லாத வார்த்தை. சொல்லும்போதே நாக்கில் உப்புக் கரித்தது.

நிஜாம் ஒரு டப்பாவைப் பிரித்தான். "இது நம்மூர் பசங்க நெறைய வாங்குவாங்க, கலர் கலரா லைட் எரியும்." எனக்கெதற்கு லைட், கம்ப்யூட்டருக்குள் சாமி ஊர்வலமா போகிறது? "இது வெளிநாட்டு அயிட்டம், விலை கொஞ்சம் கூட." கொஞ்சமா? தீபாவளிக்கு எடுக்காமல் விட்ட பட்டுப்புடவையின் விலை அது. "இது சாதா. அகலமான எறக்கை, மெதுவா சுத்தும், லைட் கிடையாது, யாரும் கேக்கறதில்ல." அந்தக் கறுப்பு ஃபேன் கேட்பாரில்லாமல்தான் கிடந்தது, டப்பாகூட ஒரு மூலையில் நசுங்கியிருந்தது. ஒவ்வொன்றாக மின்சாரத்தில் கொடுத்து ஓட்டிக் காட்டினான். தையல்நாயகி காதைப் பக்கத்தில் கொண்டுபோனாள். என்ன கேட்டது? எதிர்ச் சந்தில் ஜூஸ் மிக்சி. தலைக்கு மேலே ஏசி. பேருந்து நிலையத்துக்குத் திரும்புகிற தனியார் பஸ், அந்த டிரைவருக்குக் கையே ஹாரனில்தான் முளைத்திருக்கும்போல. ஜவுளிக்கடை வாசலில் ஒலிபெருக்கி வைத்துத் தள்ளுபடி தள்ளுபடி என்று ஒரு பெண் குரல், ஆறு கட்டைச் சுருதியில் ஆரம்பித்து எங்கேயோ முடிக்கிறது. இந்த இரைச்சலில் கொசு பாடினாலும் ஒன்றுதான், யானை பிளிறினாலும் ஒன்றுதான். ஆறு கட்டை என்றேனா? நிஜமாகவே ஆறுதானா? இதோ பார், மறுபடி. எதைக் கேட்டாலும் மார்க் போட்டுவிடுகிறாள், போட்ட அடுத்த நொடி மார்க் போட்ட வாத்தியார்மேலேயே சந்தேகம். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது, கலியபெருமாள். "என்னங்க?" "சாதம் வடிச்சுட்டேன். ஃபேன் வாங்கிட்டியா?" "பாத்துக்கிட்டிருக்கேன்." "எதையாவது வாங்கிட்டு வாயேன், நல்லாத்தான் இருக்கும்." கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷன், எதற்கும் குறை சொல்லாத ஜென்மம். உப்புமாவில் உப்பில்லாவிட்டாலும் நல்லாத்தான் இருக்கு, அவள் பாடினாலும் நல்லாத்தான் இருக்கு, பக்கத்து வீட்டு நாய் பாடினாலும் நல்லாத்தான் இருக்கு. அவரிடம் போய் நான் ஏறுகிறேனா என்று கேட்டால் எங்க, மாடிக்கா என்பார். காது போனதற்குச் சாட்சி சொல்லக்கூட வீட்டில் ஒரு நாதி இல்லை.

அப்பாவுக்கு மட்டும் சாட்சிகள் நிறைய இருந்தார்கள், அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். சட்டநாத பிள்ளை என்றால் சீர்காழிச் சுற்றுவட்டாரத்தில் நாதஸ்வரத்துக்கு ஒரு பேர் இருந்தது. குத்தாலத்தில் ஒரு கல்யாணம், தையல்நாயகி அப்போது புதுப்பெண், பொம்பளைகள் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்பா தோடியை எடுத்தார். எடுத்த கொஞ்ச நேரத்தில் சுருதியை விட்டுக் கீழே வழுக்கினார். வழுக்கியது அவருக்குத் தெரியவில்லை. தவுல் வைத்தி மாமா தரையைப் பார்த்தார். சுருதிப்பெட்டி போட்டவர் என்ன செய்தார் தெரியுமா, மெல்ல, யாருக்கும் தெரியாமல், துருத்தியை அழுத்துவதை நிறுத்திவிட்டார். சுருதியே இல்லாவிட்டால் சுருதி சேரவில்லை என்று யார் சொல்ல முடியும்? எவ்வளவு பெரிய மரியாதை! சம்பந்தி பொன்னாடை போர்த்தினார். அப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து "எப்படி இருந்துச்சு?" என்று எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார், அம்மா முந்திக்கொண்டு "உங்களுக்கென்ன கொறச்சல்?" என்றாள். அந்தக் கண் இன்னமும் மறக்கவில்லை. நிஜத்தைச் சொல்லுங்கடா என்று கேட்ட கண் அது. அப்புறம் கச்சேரிகள் ஒவ்வொன்றாக நின்றன. செண்டை மேளம் வந்து நம்ம பொழப்பைக் கெடுத்துருச்சு என்று அவர் கடைசிவரைக்கும் நம்பினார், நம்பும்படி எல்லாரும் பார்த்துக்கொண்டார்கள். ரத்தத்தில் வருகிற சமாச்சாரம்தானே இது? சர்க்கரை வருகிறது, வழுக்கை வருகிறது, காது போவது வராதா? ஒரே வித்தியாசம், அவர் கீழே போனார், நான் மேலே போகிறேன். மகள் அப்பனைத் தாண்டிவிட்டாளாக்கும். வேண்டாம். யாரும் துருத்தியை நிறுத்துவதற்கு முன்னாடி நானே எழுந்துகொள்கிறேன். மரியாதையாய் என்னைக் கொல்ல விடமாட்டேன்.

ஆனால் ஃபேன்? போன வாரம் கலியபெருமாள் கம்ப்யூட்டரைத் தூசி தட்டிக்கொண்டே சொன்னார், "இதுவும் உன்னை மாதிரிதான்டி, சூடாக ஆக ஏறுது." அவர் சொன்னது கிண்டலுக்கு. அவள் கையிலிருந்த காப்பி டம்ளர் அப்படியே நின்றுவிட்டது. ஏனென்றால் அதற்குப் பின்னால் அவள் மட்டுமே அறிந்த ஒரு கிறுக்குத்தனம் இருந்தது. ஆரம்பத்தில் வகுப்பெடுக்கும்போது செல்போனில் தம்பூரா போட்டு வைப்பாள். கம்ப்யூட்டர் அந்தத் தம்பூராவை ஏதோ இரைச்சல் என்று நினைத்து வெட்டி வெட்டி அனுப்பும், அமுதவேணி அங்கே தனக்கென்று தனியாக ஒரு தம்பூரா வைத்துக்கொண்டாள். ஒருநாள் இவள் தம்பூராவைப் போட மறந்துவிட்டுப் பாட ஆரம்பித்தால், அட, காலடியில் கம்ப்யூட்டர் ம்ம் என்று பிடித்துக்கொண்டிருக்கிறது, சுத்தமான அஞ்சு கட்டை, இவள் பாடுகிற அதே அஞ்சு கட்டை. பக்கத்திலேயே ஒருத்தன் சலிக்காமல் சுருதி போட்டுக்கொண்டிருக்கும்போது தம்பூரா எதற்கு? "நம்ம வீட்டு கம்ப்யூட்டருக்குச் சங்கீத ஞானம் இருக்குங்க" என்று கலியபெருமாளிடம் பீற்றிக்கொண்டாள். "நல்லாத்தான் இருக்கும்" என்றார். பிறவிப் புத்தி இது, எது ஒரே சீராக ஒலித்தாலும் குரல் போய் அதன் மடியில் உட்கார்ந்துகொள்ளும். சின்ன வயசில் மாவு மில்லில் வரிசையில் நின்றபடி மோட்டாரோடு சேர்ந்து மோகனம் பாடியிருக்கிறாள். நாதஸ்வரக்காரர் வீட்டில் பிறந்தவளுக்கு வேறெப்படி இருக்கும்? ஆனால் மின்சாரத்தில் சுற்றுகிற சாமான் ஏறுமா? ஏறினால் எனக்குக் கேட்காதா? கேட்காது, கூடவே ஏறுகிறவளுக்கு எப்படிக் கேட்கும், ரயிலுக்குள் உட்கார்ந்திருப்பவளுக்கு ரயில் நகர்வது தெரியுமா? அப்படியென்றால் குற்றம் ஃபேனுடையது. இல்லை, இதெல்லாம் சாக்கு. அப்பாவுக்குச் செண்டை மேளம், உனக்கு ஃபேன். செல்போனில் தம்பூரா சும்மாதானே கிடக்கிறது, இத்தனை நாளில் ஒருதரம் போட்டுப் பார்த்திருக்கலாமே? பார்க்கவில்லை. ஆசுபத்திரியில் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு முடிவை வாங்கப் போகாமல் இருக்கிறார்களே, அந்த ரகம். சேராவிட்டால்? போட்டுப் பார்த்து, சேராவிட்டால்?

பட்டென்று கரண்ட் போனது. ஏசி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. ஜூஸ் மிக்சி பாதிச் சாத்துக்குடியில் நின்றது. தள்ளுபடிப் பெண் தள்ளு என்றதோடு வாயடைத்துப் போனாள். தெருமுனையில் எதற்கோ வண்டிகள் மறித்து நின்றன, ஹாரன்கூட இல்லை. மாயவரத்தில் இப்படி ஒரு அமைதியா! யாரோ செருப்பைத் தேய்த்து நடந்து போகிற சத்தம், மணிக்கூண்டுப் புறாக்களின் குறுகுறுப்பு, நிஜாமின் கைக்கடிகாரம். தையல்நாயகிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "ட்ரான்ஸ்ஃபார்மர் போயிருக்கும்மா. நீங்க சாப்ட்டுட்டு வேணா வாங்க." "எங்கேயும் போகலை. இப்பத்தான்பா காதே தெறக்குது. இப்ப ஓட்டிக் காட்டு." "கரண்ட் இல்லாம எப்படிம்மா…" என்று இழுத்தவன், சட்டென்று குனிந்து மேசைக்கடியிலிருந்து ஒரு பழைய யு.பி.எஸ். பேட்டரியைத் தூக்கி வைத்தான். "இது தாங்கும். ஆனா சீக்கிரம் பாத்துக்கணும்மா, ஜவுளிக்கடைக்காரரு ஜெனரேட்டர் போட்டாருன்னா அப்புறம் நான் பேசறது எனக்கே கேக்காது." போடட்டும், போடுவதற்குள் பார்த்துவிடலாம். தையல்நாயகி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். லைட் ஃபேன் சுற்றியது, பச்சை சிவப்பு நீலம் என்று மேசையெல்லாம் திருவிழா. "ரெண்டரைக் கட்டை. அடியில ஒரு கரகரப்பு, சளி பிடிச்ச மாதிரி. எடுத்துரு." வெளிநாட்டு ஃபேன் சுற்றியது. அய்யோ! அஞ்சு கட்டை. தேன் மாதிரி, சன்னமாக, பிசிறே இல்லாமல் அஞ்சு கட்டை. அவள் தொண்டை தன்னாலே போய் அதன் மடியில் உட்காரப் பார்த்தது. வாங்கிவிடலாமா? புடவைதானே போனால் போகிறது. நிஜாம் அவள் முகத்தைப் பார்த்தே, "இதுதானேம்மா?" என்றான். "இரு. பழசை ஓட்டு."

பழைய ஃபேன் முதலில் முனகியது. இறக்கைத் தூசி உதிர்ந்தது. மெல்லச் சுழன்று, வேகம் பிடித்து, ம்ம் என்று ஒரே சுரத்தில் வந்து நின்றது. அதே குரல், அவளுடைய காலடியில் இத்தனை மாசம் கிடந்த குரல், அஞ்சு கட்டை. தையல்நாயகி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நிற்கிறது. நின்றுகொண்டேதான் இருக்கிறது. ஏறவில்லையே? கலியபெருமாள் சொன்னது வெறும் கிண்டல்தானா? அப்போ காதுதான். சரி, இன்றோடு, அமுதவேணி, எனக்கு முடியலம்மா, வேற நல்ல டீச்சரா… இரு. இரு இரு. ஒரு மயிரிழை. இல்லையா? இருக்கிறது, ஒரு மயிரிழை மேலே. இன்னொரு இழை. ஏறுகிறது! "உள்ள கிரீஸ் காஞ்சு கட்டியாயிருக்கும்மா, ஓட ஓட சூடேறி இளகுது, வேகம் கூடும்" என்று நிஜாம் இயல்பாகச் சொன்னான், என்னவோ இன்னிக்கு வெயில் ஜாஸ்தி என்கிற மாதிரி. அஞ்சு கட்டையைத் தாண்டிவிட்டது, அஞ்சேகால், அஞ்சரையைப் பார்த்துப் போகிறது, அட பாவி, சிரித்துக்கொண்டே என்னை மாடிக்குக் கூட்டிப்போனாயா! அந்த நிமிஷமே பழைய சந்தேகப் புழு தலையைத் தூக்கியது. ஏறுவது அதுதானா? இல்லை, நான் இறங்கிக்கொண்டிருக்கிறேனா? எது அஞ்சு கட்டை என்று இவ்வளவு ஜம்பமாகச் சொல்கிறாயே, அந்த அஞ்சே சரிதானா? அவள் கைப்பையிலிருந்து செல்போனை எடுத்தாள். தம்பூராவைத் திறந்து, அஞ்சு கட்டையில் வைத்து, அமுக்காமல் நிஜாமிடம் நீட்டினாள். "எல்லாத்தையும் நிறுத்துப்பா. நான் ஒரு சுரம் பிடிக்கிறேன். நல்லாப் பிடிச்சு நின்னதும் நீ இதை அமுக்கு. எனக்குச் சொல்லாம அமுக்கு." "பாடப் போறீங்களா, இங்கேயா?" "பின்ன கச்சேரி மண்டபமா கட்டி வச்சிருக்க? நான் பாடறேன், நீ அமுக்கு."

ஃபேன்கள் ஓய்ந்தன. பிடித்துக்கொள்ள உலகத்தில் ஒரு சத்தம் இல்லை. மோட்டார் இல்லை, மில் இல்லை, துருத்தி இல்லை. குத்தாலத்துப் பந்தலில் அப்பா இப்படித்தான் நின்றாரோ, காலடியில் ஒன்றும் இல்லாமல். கண்ணை மூடினாள். எங்கேயிருந்து எடுப்பது? தேடக் கூடாது, தேடினால் கிடைக்காது, அது இருக்கிற இடத்தில்தான் இருக்கும். ஸா. கடைக்குள் குரல் நிறைந்தது. வயசான குரல்தான், ஓரத்தில் கொஞ்சம் தேய்மானம் உண்டு, இருக்கட்டும். நின்றாள். நிஜாம் அமுக்கவில்லை, பையன் பயந்துவிட்டானா, மூச்சு குறைகிறது, அமுக்கேன்டா, இதுதான் இதுதான், எனக்குத் தெரியும் இதுதான், தெரியுமா என்ன, அப்பாவுக்கும்தான் தெரிந்தது, அமுக்கு. தம்பூரா ஒலித்தது. ஒலித்ததே தெரியவில்லை. அவள் குரலுக்குள்ளேயே அது ஏற்கெனவே இருந்த மாதிரி, கதவைத் தட்டாமல் வீட்டுக்காரன் உள்ளே வருகிற மாதிரி வந்து கலந்துகொண்டது. எங்கே குரல் முடிகிறது, எங்கே தம்பூரா ஆரம்பிக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. மூச்சு தீர்ந்து அவள் நிறுத்தின பிறகு தம்பூரா மட்டும் தனியாய்க் கேட்டது. அதே இடம். மயிரிழை பிசகு இல்லை. "இருக்கு!" என்று கத்திவிட்டாள். "காது இருக்குடா தம்பி! எங்கேயும் போகல, இங்கேயேதான் இருக்கு!" கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. படியில் யாரோ ரெண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். நிஜாம் செல்போனைப் பிடித்த கையோடு சிலையாய் நின்றான். "யாருக்கும்மா காது போச்சு?" "யாருக்கும் போகலப்பா. ஃபேனுக்குத்தான் கிறுக்கு." அந்த நேரத்தில் ஜவுளிக்கடை ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு கிளம்பியது, கண்ணாடி மேசை அதிர்ந்தது. தையல்நாயகி சிரித்தபடியே அதற்கும் மார்க் போட்டாள், ரெண்டு கட்டை, சுத்த ஃபெயில். இந்தத் தடவை மார்க் போட்ட வாத்தியார்மேல் ஒரு சந்தேகமும் வரவில்லை.

நிஜாம் வெளிநாட்டு ஃபேனை டப்பாவில் போடப் போனான். "அது வேணாம்பா." "அம்மா, நீங்கதான முகமே மலர்ந்து…" "அதான் வேணாம்கிறேன். நல்லா இருக்குன்னு அது மடியில போய் உக்காந்துக்குவேன். நாளைக்கு அதுக்கும் கிரீஸ் காயும். அந்தக் கறுப்பை ஓட்டு, கேப்பாரில்லாம கெடக்கே, அது." இந்த ஜெனரேட்டர் சத்தத்தில் என்ன கேட்கும் என்று அவன் முழித்தான். அவள் ஃபேனைக் கையில் வாங்கி, காதோடு ஒட்டி, மறு காதை விரலால் அடைத்துக்கொண்டாள். காற்று. வெறும் காற்று மட்டும். சுரமே இல்லை, பிடித்துக்கொள்ள ஒரு முனைகூட இல்லை. தூங்குகிற பிள்ளை மூச்சு விடுகிற மாதிரி புஸ் என்று ஒரு காற்று. கம்ப்யூட்டருக்கு வேண்டியது காற்றுதானே, சுருதி போடச் சொல்லி அதை யார் கேட்டது? "இதுதான். விலையும் இதானே கம்மி?" "ஆமாம்மா, இருக்கறதுலேயே." "பின்ன என்ன, கட்டு." மணிக்கூண்டைத் தாண்டி வெயிலில் நடந்தபோது அவளுக்குக் குடை விரிக்கவும் ஞாபகமில்லை. ஹாரன் அடித்த தனியார் பஸ்ஸைப் பார்த்து, அடி ராஜா, அடி, நாலு கட்டை, கொஞ்சம் தூக்கல், என்றாள். ரோட்டோரம் இளநீர்க்காரர் திரும்பிப் பார்த்தார். பழைய ஃபேனை நிஜாம் குப்பையில் போடட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்று வாங்கிவந்திருந்தாள். அது பையில் கனத்தது. அதன்மேலும் கோபம் வரவில்லை. பாவம், அது யாரையும் ஏமாற்றவில்லை, தன் பாட்டுக்குச் சூடாகி ஏறியது. நான்தான் அதைத் தம்பூரா என்று நினைத்தேன்.

சாயங்காலம் கலியபெருமாள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நாலு திருகாணியையும் முடுக்கினார். கம்ப்யூட்டரைப் போட்டார்கள். ரெண்டு பேரும் காத்திருந்தார்கள். "ஓடுதா இல்லையான்னே தெரியலையேடி" என்று அவர் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தார், காற்று வந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றார். ஆயுசில் முதல் தடவையாக அந்த மனுஷன் சொன்னது சரியாக இருந்தது, அவள் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். ஒரு காதில் செல்போன் தம்பூரா, ஒரு காதில் மஸ்கட். அமுதவேணி தலை துவட்டிய ஈரத்தோடு திரையில் வந்தாள். "டீச்சர், என்ன, இன்னிக்கு ஒரே பளபளப்பா இருக்கீங்க?" "பேச்சு அப்புறம். முழுசாப் பாடறேன், கேளு. முடிஞ்சதும் நிஜத்தைச் சொல்லணும். மரியாதை கிரியாதை எல்லாம் காட்டினா கொன்னுருவேன்." பாடினாள். பல்லவி, அனுபல்லவி, சரணங்கள், அந்தக் கடைசி சரணம். நின்றாள். திரையில் ஒரு கணம் அமைதி. அந்தக் கணத்தில் அவள் வயிற்றில் ஒன்றுமே போய் உட்காரவில்லை. "ஏறல டீச்சர்" என்றாள் அமுதவேணி, கண்ணை அகல விரித்துக்கொண்டு. "அப்படியே நிக்கிது. என்ன பண்ணீங்க?" "ஒண்ணும் பண்ணல, வீட்டுல ஒருத்தனை வேலையை விட்டு நிறுத்தினேன். நீ பாடு." அமுதவேணி பாடினாள். கல்யாணி. நல்ல குரல், நாள் முழுக்க வார்டு வார்டாய் நடந்த களைப்பைத் தாண்டி வருகிற குரல். மேலே போனாள், காந்தாரத்துக்கு வந்தாள், வந்தவள் தொங்கினாள். தொங்குகிறது. சந்தேகமே இல்லை, தொங்குகிறது. குத்தாலத்துப் பந்தலில் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த அந்தக் கண் ஒரு நொடி வந்து போனது. வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. இந்தத் தடவை திரும்பிப் போகவில்லை. "சேரலை." அங்கே பாட்டு நின்றது. "என்ன டீச்சர்?" "காந்தாரம் சேரலைங்கறேன். காது கேக்கலையா உனக்கு?" கடல் தாண்டி மஸ்கட்டில் அமுதவேணியின் முகம் முழுக்கச் சிரிப்பாகிவிட்டது. "அப்பாடா! எத்தனை மாசமாச்சு டீச்சர் நீங்க இப்படிச் சொல்லி!" தையல்நாயகி தொடையில் ஓங்கித் தாளம் போட்டாள்.

"சிரிச்சது போதும். மறுபடி."